அர்த்தம் கேட்டால் பாயிண்ட் கிடையாது

அன்புள்ள ஜோயல்,

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உன் அப்பாவுக்கு மில்லில் கொடுத்த டைரியில் காலியாகக் கிடந்த பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தாயிற்று, குழம்பும் வைத்தாயிற்று. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். உட்கார்ந்து முழுதும் படி. படித்துவிட்டு, உன்னோடு அதே காகிதத்தை வாங்கின மற்ற பதினொரு பேருக்கும் காட்டு. இதில் என் முட்டாள்தனம் நிறைய இருக்கிறது, அவர்களும் படித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டபோது நான் ஷிப்ட் முடிந்து ஸ்டேஷன் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தேன். ஆபீஸில் உங்கள் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக ஒரு ரூமுக்குள் கூப்பிட்டு, ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள் என்றாய். "நானாகவே விருப்பப்பட்டு வேலையை விடுகிறேன்" என்று அதில் எழுதியிருக்கிறது, கூடவே இன்னொரு காகிதமும் இருக்கிறது, திங்கட்கிழமை பத்து மணிக்குள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றாய். அந்த இரண்டாவது காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அது லீகல் லாங்வேஜும்மா, நான் முழுசா படிக்கல, எல்லாரும் போடறாங்க, நானும் போட்டுட்டு வந்துர்றேன், எதுக்குப் பேஜாரு" என்றாய். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, ஷீபா வீட்டுக்கு மட்டும் எதுவும் சொல்லாதே என்றாய். நான் என்ன சொன்னேன்? "சரி நைனா, உன் இஷ்டம்" என்றேன். ஆறு வருஷம் நீ உழைத்த இடத்தைப் பற்றி, உன்னைப் பெற்றவள் சொன்ன பதில் அது. போனை வைத்ததும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது எழுத்துக் கட்டைகளைப் பலகையில் கோத்து இங்கிலீஷ் வார்த்தை சேர்க்கும் அந்த ஆட்டத்தின் பெட்டி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? உன் அப்பா காயலான் கடையிலிருந்து சைக்கிள் செயின் வாங்கப் போய், அதற்குப் பதிலாக அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலகை நன்றாக இருந்தது, எழுத்துக் கட்டைகளில் சிலதைக் காணோம். கியூவும் இசட்டும் எக்ஸும் வியும் சுத்தமாக இல்லை. நான் வேலை பார்க்கும் பாட்டில் மூடிக் கம்பெனியில் கழித்துப் போட்ட மூடிகளைக் கேட்டு வாங்கி வந்து, மார்க்கரால் எழுத்து எழுதி, மூலையில் பாயிண்டும் எழுதிக் கொடுத்தேன். இப்போது ஒரு திருட்டை ஒப்புக்கொள்கிறேன். பெரிய பாயிண்ட் எழுத்தெல்லாம் மூடியாகவும், மற்றதெல்லாம் மரக்கட்டையாகவும் இருந்ததால், பைக்குள் கையை விட்டால் எது மூடி என்று விரலுக்குத் தெரிந்துவிடும். நான் மூன்று மாதம் மூடியாகவே எடுத்து உன்னைத் தோற்கடித்தேன். நீ கண்டுபிடித்து, "யம்மா, நீ கள்ளாட்டம் ஆடற!" என்று கத்தினாய். அதன் பிறகுதான் நூறு எழுத்தையும் மூடியிலேயே செய்தேன். "இன்னாடி இது, ஏபிசிடிய கலைச்சிப் போட்டுக்கினு அம்மாவும் புள்ளயும் அடிச்சிக்கினு கீறீங்க?" என்று உன் அப்பா கேட்டுவிட்டு, சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டதெல்லாம் அந்த நாட்களில்தான்.

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டத் தெரியும், ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் வந்தால் மூச்சு முட்டும். ஆனால் அந்த ஆட்டத்துக்கு வாக்கியம் தேவையில்லை அல்லவா? உன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் சார் நாற்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாரே, அதில் வெறும் வார்த்தைகள்தான் இருந்தன. இரண்டெழுத்து வார்த்தைக்கு ஒரு பக்கம், யு இல்லாமல் வரும் கியூ வார்த்தைக்கு ஒரு பக்கம், உயிரெழுத்தே இல்லாத வார்த்தைக்கு ஒரு பக்கம். வி எழுத்தை வைத்து இரண்டெழுத்து வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, கையில் மாட்டினால் தள்ளிவிடுவது கஷ்டம் என்று, வி வார்த்தைகளுக்குத் தனியாக ஒரு பக்கம் கடைசிக்கு முன்னால் வைத்திருந்தார். உச்சரிப்பும் தெரியாது, பொருளும் தெரியாது. கியூ-ஐ, இசட்-ஏ-எக்ஸ், சி-டபிள்யூ-எம் என்று எழுத்து எழுத்தாகச் சொல்லி மனப்பாடம் செய்தோம். நான் மெஷின் முன்னால் நின்று மூடியைப் பிரித்துப் போட்டுக்கொண்டே முணுமுணுப்பேன். பக்கத்து மெஷின் செல்வி, "இன்னாக்கா, ஜெபமா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

நீ மட்டும் ஆரம்பத்தில் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் "இதுக்கு இன்னா அர்த்தம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்று பிள்ளையிடம் சொல்வது எனக்கு அவ்வளவு பெரிய கௌரவக் குறைச்சலாக இருந்தது. அதற்குப் பதிலாக அதட்டினேன். "அர்த்தம் கேட்டா பாயிண்டு குடுப்பாங்களாடா? வார்த்த கீதா இல்லியா, அத்த மட்டும் பாரு" என்றேன். நான்கைந்து தடவை கேட்டாய், நான்கைந்து தடவையும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். லீகல் லாங்வேஜ், முழுசா படிக்கல என்று புதன்கிழமை நீ சொன்னாயே, அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தது உன் ஆபீஸ் இல்லை ஜோயல். நான்தான் கொடுத்தேன்.

இன்னொன்றும் கொடுத்தேன். எட்டாம் வகுப்பில் திருவள்ளூரில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு, பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறிப் போனோமே. உன் எதிரில் உட்கார்ந்திருந்த பையன் ஷூவும் டையுமாக இருந்தான், இங்கிலீஷிலேயே தும்முவான் போலிருந்தது. கடைசியில் அவன் ஏழெழுத்தையும் ஒரே மூச்சில் வைத்து ஒரு வார்த்தையைப் பரப்பினான். நீ புருவத்தைச் சுருக்கினாய். சந்தேகமாக இருந்தால் கையைத் தூக்கி சேலஞ்ச் என்று சொல்லலாம். வார்த்தை பொய்யானால் அவன் எடுத்துக்கொண்டு போக வேண்டும், நிஜமானால் உனக்கு ஒரு முறை ஆட்டம் போகும். நீ கையைப் பாதி தூக்கிவிட்டு, சுவரோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை பொய் வார்த்தை வைப்பானா என்பது என் எண்ணம். தோற்றுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜெராக்ஸைப் பிரித்து முதலிலிருந்து கடைசி வரை தேடினாய். இல்லை. மறுநாள் சார் தடி அகராதியில் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வார்த்தையே உலகத்தில் கிடையாது என்றார். நீ என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாத விஷயம். உன் அப்பாவுக்கும் வெள்ளிக்கிழமைதான் தெரிய வந்தது. என் இடது கையில் கடைசி இரண்டு விரலும் எப்படிப் போயின என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "நாந்தான் கவனிக்காம கைய வச்சிட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். நீ அப்போது பதினொன்றாம் வகுப்பு. அது பொய். மூடி வார்க்கும் அச்சு மெஷினுக்கு ஒரு கதவு உண்டு, அது திறந்திருந்தால் மெஷின் ஓடக்கூடாது, அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். கதவைத் திறந்து மூட நேரமாகிறது, மூடி குறைகிறது என்று எங்கள் சூப்பர்வைசர் அந்த சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார். எங்கள் வரிசையில் எல்லா மெஷினிலும் அப்படித்தான். நான்கு நாளாகக் கதவு திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்த மெஷினில், சிக்கின மூடியை எடுக்கக் கையை விட்டேன். என் தவறு ஒன்றுமே இல்லை கண்ணு. இத்தனை வருஷமும் என் தவறு என்று சொல்லிச் சொல்லி, எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டோடு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் உட்காரச் சொன்னார். அந்தக் கம்பெனியில் என்னை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். டீ வந்தது. இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. "ஒண்ணுமில்லம்மா, பார்மாலிட்டி. இதுல ஒரு சைன் போட்டா ஆஸ்பத்திரி செலவ கம்பெனி பாத்துக்கும், கை ஆறினதும் பேக்கிங் செக்‌ஷன்ல லேசான வேல குடுத்துடுவோம்" என்றார். நான் காகிதத்தைப் பார்த்தேன். கொசகொசவென்று எழுத்து. அதற்கு நடுவில் ஒரே ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்த முகமாக நின்றது. டபிள்யூ-ஏ-ஐ-வி-இ.

அந்த வார்த்தையை எனக்குத் தெரியாதா? வி பக்கத்தில் மூன்றாவது வரி. அதை மூன்று மடங்குக் கட்டத்தில் வைத்துத்தான் நீ உன் சாரையே தோற்கடித்தாய். வீட்டுக்கு ஓடி வந்து, பலகையில் மூடிகளை வைத்து எனக்குக் காட்டி, அதை வெய்வ் என்று சொல்ல வேண்டும் என்று சார் சொன்னதாகச் சொன்னாய். பின்னால் ஆர் போடலாம், டி போடலாம், எஸ் போடலாம். எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த மேனேஜர் ரூமில், கையில் வலி தெறிக்க உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பெருமை தாங்கவில்லை ஜோயல். விரலை வைத்துக் காட்டி, "சார், இது வெய்வ் தானே?" என்று கேட்டேன். அந்த ஆள் திடுக்கிட்டுப்போய், "உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்றார். "என் புள்ள சொல்லிக் குடுத்தான் சார்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் இவரைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்ப நல்லதாப் போச்சு. கீழ தமிழ்ல ஒரு வரி எழுதிடும்மா" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் என் கையால் எழுதினேன். "மேலே உள்ளதைப் படித்துப் புரிந்துகொண்டேன்" என்று. அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், மேனேஜர் என்னை மரியாதையாக நடத்தினார் என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

பிறகு நீ காலேஜுக்குப் போனாய், வேலைக்குப் போனாய், ஆட்டம் ஓய்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பரணிலிருந்து அந்த ஜெராக்ஸ் கிடைத்தது. நீ வாங்கிக் கொடுத்த போன் கையில் இருக்கிறதே, ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் பார்ப்போம் என்று சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. ஏ-ஏ என்றால், எரிமலைக் குழம்பு ஓடி ஆறிச் சொரசொரவென்று கெட்டியாகிப் போன பாறையாம். ஏ-ஐ என்பது மரத்தில் தொங்கும் சோம்பேறி மிருகம், உன் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். ஓ-இ ஏதோ குளிர் தேசத்துத் தீவுப் பக்கம் அடிக்கும் சுழல்காற்று. கியூ-ஐ சீனாக்காரர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. இசட்-ஏ-எக்ஸ் கூரைக்குப் போடும் கல்பலகையை வெட்டும் கருவி. சி-டபிள்யூ-எம் மலைச்சரிவில் கிண்ணம் கணக்காகக் குழிந்த பள்ளத்தாக்கு. இசட்-ஏ என்னவோ பெரிதாக இருக்கும் என்று பார்த்தால் பீட்சாவாம், அடச்சீ! சி-ஓ-ஐ-ஆர் நம் தேங்காய் நார், நம்ம ஊர்க் கயிறு அங்கே போய் இங்கிலீஷாக உட்கார்ந்திருக்கிறது. ஓ-ஆர்-டி தட்டில் மிச்சம் விட்ட சோற்றுப் பருக்கை.

சிலதைப் பார்த்தபோது அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இ-எஸ்-என்-இ என்று ஒன்று, நாம் இருவரும் ஈயையும் எஸ்ஸையும் கழித்துக்கட்ட எத்தனை தடவை வைத்திருப்போம்! அது அந்தக் காலத்து இங்கிலாந்தில் பண்ணையாரிடம் அடிமையாகக் கிடந்த கூலி ஆள். என் அப்பா பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்புக் காட்டில் அப்படித்தான் கிடந்தார், அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. டி-ஹெச்-ஓ-எல்-இ என்றால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது. இத்தனையும் நம் வாயில் தினமும் உருண்டுகொண்டிருந்தது, ஒன்றையும் நாம் ருசி பார்க்கவில்லை. நீ கேட்டபோதே சாரிடம் போய்க் கேள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த அறிவு வரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வி பக்கத்துக்கு வந்தேன். மூன்றாவது வரி. தட்டினேன். "தனக்குள்ள உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தல்" என்று வந்தது. சோற்றுக் கை அப்படியே காய்ந்துபோயிற்று. செல்வி இரண்டு தடவை கூப்பிட்டாளாம், எனக்குக் காதில் விழவில்லை. அந்த ரூமும் அந்த டீயும் அந்தச் சிரிப்பும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. பல மாதம் மனசுக்குள் போட்டு அமுக்கினேன். உனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, இப்போது எதற்குக் கலாட்டா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதே சமாதானத்தை நீ புதன்கிழமை போனில் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. என் வாயால் நீ பேசுகிறாய்.

அதனால் வியாழக்கிழமை காலையில் நேராக எச்.ஆர். ரூமுக்குப் போனேன். இப்போது அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறது. "எனக்கு கை அடிபட்டப்போ நான் கையெழுத்து போட்டுக் குடுத்த காகிதம் ஒண்ணு என் ஃபைல்ல இருக்கும். அதோட காப்பி வேணும்மா" என்றேன். "எதுக்கு ஆன்ட்டி, ஏதாவது பிரச்சினையா?" என்றது. "படிக்கறதுக்கு" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது. பெரியவர் வரட்டும் என்றது. நான் போகவில்லை, அங்கேயே நின்றேன். சூப்பர்வைசர் வந்து, "லைன்ல வேல நிக்குது, இங்க இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கத்தினார். "என் காகிதத்த குடுத்தா போயிடறேன் சார். நான் எழுதிக் குடுத்தத நான் பாக்கக் கூடாதா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். கடைசியில் மேலே யாரிடமோ போனில் பேசிவிட்டு, ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளை முழுக்க ஒவ்வொரு வரியாகத் தட்டிப் படித்தேன். மேலதிகாரியின் உத்தரவை மீறி நானே கதவைத் திறந்து வேலை செய்தேனாம். நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பாம். இதற்காகக் கம்பெனியிடம் எதையும் கேட்கும் உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேனாம். கீழே என் முத்து முத்தான கையெழுத்தில், "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று இருந்தது. சாயங்காலம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தினி வருஷம் ஏண்டி சொல்லல?" என்று மட்டும் கேட்டார். நம் சபையில் பொன்னேரி கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் ஒருவர் இருக்கிறார், இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் அவரிடம் காகிதத்தைக் காட்டினேன். ரொம்ப வருஷமாகிவிட்டது, கஷ்டம்தான், ஆனாலும் எழுதிப் பார்ப்போம் என்றார். எழுதுங்கள் என்றேன். என் வேலை போனாலும் போகட்டும். தோற்றால் தோற்கிறேன், அந்தக் கம்பியைக் கட்டினது நான் இல்லை என்று ஒரு காகிதத்தில் என் பெயரோடு இருக்க வேண்டும்.

உன் விஷயம் அப்படி ஆறிப்போனது இல்லை. நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வக்கீலிடம் உன்னைப் பற்றியும் கேட்டேன். நாளைக்கு உள்ளே போனதும் உட்காரச் சொல்வார்கள், காபி கொடுப்பார்கள், சிரிப்பார்கள். குடி, பரவாயில்லை. இரண்டு காகிதத்தையும் கையில் வாங்கு. ஒவ்வொரு வரியையும் படி, புரியாத இடத்தில் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேள். "நானாக விருப்பப்பட்டு" என்று எழுதியிருக்கிறதே, எனக்கு விருப்பமில்லையே, அதை எப்படி எழுதுவேன் என்று கேள். உன் இங்கிலீஷ் அவர்கள் இங்கிலீஷுக்குக் குறைந்தது இல்லை. காப்பி வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று சொல். இன்றைக்கே போட்டால்தான் ஆச்சு என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரம் அவர்களுடையது, உன்னுடையது இல்லை. அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே அனுப்பட்டும், அவர்கள் பெயரில் எழுதி, அவர்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்பட்டும். உன்னை நீயே ஏன் வெளியே தள்ளிக்கொள்ள வேண்டும்?

எனக்குத் தெரியும், நீ இவ்வளவு அவசரமாகப் போடத் துடிப்பதற்குக் காரணம் ஆபீஸ் இல்லை. சத்தமில்லாமல் முடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குள் வேறு வேலை பிடித்துவிட்டால் ஷீபா வீட்டுக்குத் தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போடுகிறாய். உன் மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அதுதான். கூட வாழ்கிறவரிடம் பாதியை மறைத்துவிட்டு, முழுசாக வாழ்ந்துவிட முடியும் என்று நானும்தான் நினைத்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாரே, அந்தக் கேள்வியை ஷீபா உன்னைப் பார்த்துக் கேட்கும் நாள் ஒன்று வரவே கூடாது. ஆகவே நீ வேண்டாம் என்று சொன்னதை நான் செய்துவிட்டேன். கோபித்துக்கொள், திட்டு, எதுவானாலும் சரி. நேற்றுக் காலை லோக்கல் ட்ரெயின் பிடித்து, மூர்மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி வேறு வண்டி ஏறி, திருநின்றவூருக்குப் போனேன்.

ஷீபா நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள், நர்ஸ் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. அவள் அம்மா அப்பா இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். உன் காகிதத்தைப் பற்றியும் சொன்னேன், என் காகிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் அம்மா முகம் கொஞ்சம் மாறியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஷீபா என் கையை வாங்கித் தன் மடியில் வைத்து, விரல் முடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "தையல் சரியா போடல அத்த, வலிச்சிருக்குமே" என்றாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது பார், அப்பப்பா! "அவரு ஏன் அத்த எங்கிட்ட மறைக்கணும்? நான் இன்னா அவரு ஆபீஸ கட்டிக்கவா சம்மதிச்சேன்? வேல போனா இன்னொரு வேல. மறைச்சா நான் எங்க போய் தேடறது?" என்று கேட்டாள். அவள் அப்பா எழுந்துபோய் எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார். கிளம்பும்போது ஷீபா ஸ்டேஷன் வரை வந்தாள். உன்னிடம் போனில் எதுவும் பேசமாட்டாளாம், நேரில்தான் பேசுவாளாம்.

கேட்டுக்கொள். நான் நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஷீபாவும் டியூட்டி மாற்றிக்கொண்டாள். காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் கிண்டியில் உன் ஆபீஸ் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நாங்கள் இருவரும் நிற்போம். உள்ளே வரமாட்டோம், சத்தம் போடமாட்டோம், உன் மானத்தை வாங்கமாட்டோம். எத்தனை மணியானாலும் நிற்போம், மூன்று பேருக்கும் நாஷ்டா கட்டிக்கொண்டு வருகிறேன். மறைக்க இனி உனக்கு ஆள் யாரும் மிச்சமில்லை கண்ணு. நீ போய், படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பேனாவைத் தொடாமல் வெளியே வா.

உன் அம்மா